ராத்திரி டியூட்டி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரலாற்றைக் கேட்டால் ஊரில் பெரும்பாலோர் கட்டடத்திலிருந்து தொடங்குவார்கள். இடம் யார் கொடுத்தது, ஓட்டுக் கட்டடம் எப்போது தார்சானது, பிரசவ வார்டைத் திறக்க எந்த அமைச்சர் வந்தார் என்று கல்வெட்டைக் காட்டிச் சொல்வார்கள். என் கணக்கு வேறு. அந்த நிலையத்துக்கு இரண்டு காலம்தான் உண்டு: ராத்திரியில் பூட்டிக் கிடந்த காலம், ராத்திரியில் ஆள் விழித்திருந்த காலம். முதல் காலத்தில் கிராம சுகாதார செவிலியராகவும், இரண்டாவதில் பெரும்பாலும் பகுதி சுகாதார செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

1986-இல் சேர்ந்தேன். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது வட்டாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கியவை ஆரம்ப சுகாதார நிலையங்கள். பிறகு சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு வகுத்தார்கள். அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையென்றால் 3,000 பேருக்கு. காகிதத்தில் 3,000 பேர் சின்ன எண்ணிக்கை. ஆனால் அந்த 3,000 பேரும் மரவள்ளிக் காட்டுக்கு ஒரு வீடு, ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு வீடு என்று சிதறிக் கிடப்பார்கள். பதினெட்டு மாதப் பயிற்சி முடித்த இருபத்துச் சொச்ச வயதுப் பெண் ஒருத்தி, ஒரு தோல் பையும் எடைத் தராசும் தூக்கிக்கொண்டு நடந்துதான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

அப்போது மத்தியானத்துக்குள் புறநோயாளிகளைப் பார்த்து முடித்துவிடுவார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் ஊசி, கட்டு. அப்புறம் பூட்டு. டாக்டர் தருமபுரியிலோ அரூரிலோ குடியிருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தங்கும் குவார்ட்டர்ஸில் தண்ணீர் கிடையாது, மழைக்கு ஒழுகும். பூட்டுப் போட்டது ஒரு தனி ஆளின் சோம்பல் இல்லை. ராத்திரிக்கென்று ஒருவரையும் யாரும் நியமிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிரசவ வலிக்கு மணி பார்க்கத் தெரியாதே. ஆகவே பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன.

வீட்டுப் பிரசவம் என்றால் மருத்துவச்சி. என் பகுதியில் இருந்த மூத்த மருத்துவச்சியை எல்லோரும் ஆயா என்றே கூப்பிடுவோம். அரசு கொடுத்த தாதிப் பயிற்சிக்கும் வந்திருந்தார். நாங்கள் கொடுக்கும் பிரசவப் பொட்டலத்தில் சோப்பு, புது பிளேடு, கொடி கட்ட நூல், கீழே விரிக்க பிளாஸ்டிக் தாள் இருக்கும். முதலில் அதை வாங்கிப் பரணில் வைத்துவிடுவார். தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் சாம்பலோ சாணியோ வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் ஏழெட்டு நாளில் குழந்தை பால் குடிக்க முடியாமல் வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு விறைத்து இறந்துபோகும். இதுதான் ரண ஜன்னி என்று தாய்க்குப் பாடம் நடத்தினால் போதாது. கர்ப்பத்திலேயே தாய்க்கு இரண்டு தடுப்பூசி, வெட்டும் பிளேடு புதிது, கட்டும் நூல் சுத்தம், கொடியில் ஒன்றும் தடவக் கூடாது. இத்தனையும் ஒன்றாக நடந்தால்தான் அந்தச் சாவு நிற்கும்.

ஆயாவிடம் இதைச் சொல்ல நான் அவரோடு பிரசவங்களுக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. ஒருநாள் விடியற்காலம், குழந்தை பிறந்து சுளகில் கிடக்கிறது, அவரே கை நீட்டினார்: "கண்ணு, நீ பொஸ்தகம் படிச்சவ. எனக்குக் கைதான் படிப்பு. உன் பிளேடைக் குடு, என் கைய நீ நம்பு." அந்த ஒப்பந்தம் இரண்டு பக்கமும் மீறப்படவில்லை. வயிற்றைத் தொட்டே குழந்தை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அந்தக் கை வர வருடங்கள் பிடித்தன. பச்சிளங்குழந்தை ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் அறிவித்தபோது, செய்தித்தாளில் படமாக வராத ஆயாக்கள் பலர் என் நினைவுக்கு வந்தார்கள்.

ஆனால் ஆயாவின் கையாலும் என் பையாலும் ஆகாத இரண்டு உண்டு: ரத்தப்போக்கும் வலிப்பும். மூன்றாவது பிரசவம், நஞ்சு விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்று ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு ஆண்கள், முன்னால் ஒருவர் கையில் அரிக்கேன். எங்கள் நிலையத்து வாசலுக்கு வந்துசேர்ந்தபோது பூட்டு தொங்கியது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு டிராக்டர் தேடி அரூர் போகும் வழியில் அவள் இறந்தாள். அப்புறம் தாய் இறப்பு ஆய்வுக்காக அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்விகள் கேட்டோம். வலி எப்போது தொடங்கியது, எப்போது கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். மூன்று தாமதங்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: போகலாமென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அவள் வீட்டார் முதல் தாமதத்தைச் செய்யவே இல்லை. இரண்டாவதை நான்கு பேர் தோள் கொடுத்துக் குறைத்தார்கள். மூன்றாவது எங்கள் வாசலில் காத்திருந்தது.

சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் வந்து ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியதைப் பற்றி அப்போதே எங்களுக்குள் பேச்சு உண்டு. உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து மருத்துவமனையை நடத்துகிறார்கள், எந்நேரமும் ஆள் இருக்கிறது என்றார்கள். அரசு வேலையில் இருந்த எங்களுக்கு அது ஒரு பாடம். அங்கே முதலில் இருந்தது கூரைக் கொட்டகை. எங்களிடம் இருந்தது கான்கிரீட். அங்கே எந்நேரமும் இருந்த ஆள் எங்களிடம் இல்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் எங்களைப் பார்த்தாலே பெண்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். காரணம், கருத்தடை இலக்கு. மாதத்துக்கு இத்தனை அறுவை, இத்தனை காப்பர் டி என்று எண்ணிக்கை கேட்பார்கள். சம்பளத்தைவிட அந்த எண்ணிக்கைதான் எங்கள் தலைக்குள் ஓடும். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கப் போனாலும், "நர்ஸம்மா கேஸ் புடிக்க வந்திருக்கு" என்பார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் அந்த இலக்கு முறையை எடுத்துவிட்டார்கள். ஒரு கிராமத்துப் பெண் தன் உடம்பைப் பற்றி என்னிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அதற்கப்புறம்தான். ராத்திரியில் ஆஸ்பத்திரியை நம்பி வரவேண்டுமென்றால் பகலில் எங்களை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு முதல் தடையாக இருந்தது இலக்குதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, மூன்றாவது பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்கு முதல் வாரத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் போவோம். ஏன் போகிறோம் என்று வீட்டாருக்கும் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. குழந்தையை எடை போடும் சாக்கில் தினமும் போய் மடியில் வாங்கிக்கொள்வேன். தாயின் முகத்தைவிட மாமியாரின் முகத்தைப் பார்ப்பேன். இதைப் பற்றி நிறைய எழுதலாம். அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன, அந்தப் பெண்களில் சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள், அதனால் இத்தோடு விடுகிறேன்.

மருந்தாளுநர் ஒருவர் எங்கள் நிலையத்தில் நெடுநாள் இருந்தார். நான் சேர்ந்தபோது அவர் அறையில் பெரிய பாட்டில்களில் கலவை மருந்து இருக்கும். நோயாளிகள் வீட்டிலிருந்து குப்பி கொண்டுவர வேண்டும். வருடத்தில் பாதி மருந்து தீர்ந்துபோகும், மீதி காலாவதியாகும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 வாக்கில் வேலை தொடங்கியதும் அவர் அறையே மாறிவிட்டது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் எழுதிய மதிப்புக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து தேவையானதை நாமே கேட்டு எடுக்கலாம். போன வருடம் எதற்கு எவ்வளவு போனது என்று அவர் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். மழைக்காலத்துக்கு முன்பே பாம்புக்கடி மருந்தை எழுதி வாங்கிவிடுவார். குப்பி கழுவிக்கொண்டு வரிசையில் நின்ற கிழவிகள், மேலே அச்சடித்த மாத்திரை அட்டையை முதன்முதலாக வாங்கியபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

என் சொந்தத் தொழிலில் நான் பெருமைப்படும் விஷயம் தடுப்பூசிக் குளிர்ச்சி. போலியோ சொட்டு மருந்துக்குக் குளிர் போதாவிட்டால் கேடு. ரண ஜன்னி ஊசிக்கும், குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசிக்கும் குளிர் அதிகமானால் கேடு. உறைந்தால் பயன் போய்விடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துப் பெட்டியில் அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும் வரை பொறுக்க வேண்டும். காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இந்தப் பொறுமைதான் கஷ்டம். 2008-க்குப் பிறகு மின்வெட்டு மோசமாக இருந்த வருடங்களில் குளிர்பெட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதினோம். நல்ல பெட்டிக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தால் போதும். அந்த எட்டு மணி நேரம் எப்போது வருகிறது என்று மின்வாரிய லைன்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பெட்டியைத் திறப்போம். 1995 டிசம்பரில் முதல் போலியோ முகாம் நடந்ததிலிருந்து, 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கும் வரை, எங்கள் மலையடிவாரத்துக் குளிர்பெட்டியும் அந்த வேலையில் பங்கு கொண்டது.

இனி ராத்திரி.

2000-களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையங்களை இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைப்பது என்று அரசு முடிவெடுத்து, நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டது. எட்டெட்டு மணி நேரம், மூன்று ஷிப்டு. தொகுப்பூதியத்தில் வந்த சின்னப் பெண்கள். ஒருத்தி திருவாரூர் பக்கம், ஒருத்தி கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் ஊர்ப் பேச்சே அவர்களுக்குப் புரியவில்லை. நிலையத்தைச் சுற்றி விளக்கு கிடையாது. காம்பவுண்டு சுவர் பாதியில் நின்றிருந்தது. அவர்களுக்குத் துணையாக இருந்தவர் எங்கள் மருத்துவமனைப் பணியாளர் அக்கா. பெருக்குவது, பிரசவ அறை கழுவுவது, துணி வேகவைப்பது எல்லாம் அவர்தான். ராத்திரி வேலை அவருக்குக் கட்டாயம் இல்லாத நாட்களிலும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "வயசுப் புள்ள ஒத்தையில இருக்கக் கூடாதும்மா" என்பார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த வேலை இல்லாவிட்டால் இருபத்துநாலு மணி நேரச் சேவை எங்கள் ஊரில் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

முதல் வாரங்களில் ராத்திரியில் யாரும் வரவில்லை. பூட்டு திறந்திருக்கிறது என்பதை ஊர் நம்பவில்லை. நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தினோம். கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, கண்ணாடி வளையல் போட்டு, கலந்த சாதம் பரிமாறினோம். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரையும் பிரசவ அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலையும் விளக்கையும் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் கருவியையும் காட்டினோம். மாமியார்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். வெந்நீர் கிடைக்குமா, கூட யாராவது இருக்கலாமா, ஆண்கள் உள்ளே வருவார்களா. 1987-இலேயே தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2006-இல் 6,000 ரூபாயாக உயர்ந்ததும் துணை செய்தது. பிறகு அது 12,000, 18,000 என்று ஏறியது. பணத்துக்காகத்தான் வந்தார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நடுராத்திரியில் வலியோடு இருக்கிற பெண்ணை வீட்டிலிருந்து கிளப்பப் பணம் மட்டும் போதாது. கதவைத் தட்டினால் ஒரு குரல் பதில் சொல்லும் என்ற உறுதி வேண்டும்.

எங்கள் நிலையத்தில் ராத்திரியில் நடந்த முதல் பிரசவத்துக்குத் தாயைக் கூட்டிவந்தவர் மருத்துவச்சி ஆயாவே. அவரை வெளியே நிறுத்துவதா உள்ளே விடுவதா என்று ஸ்டாஃப் நர்ஸ் என்னைப் பார்த்தாள். உள்ளே விடு என்றேன். தலைமாட்டில் நின்று அந்தப் பெண்ணின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். குழந்தை பிறந்ததும் நர்ஸ் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி போட்டாள். நஞ்சு விழுந்தது, கர்ப்பப்பை கெட்டிப்பட்டது, ரத்தம் அடங்கியது. ஆயா அந்த ஊசிக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அன்னைக்கே இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். எந்த நாளைச் சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் தனியாகப் பிரசவம் பார்க்கவே இல்லை. வலி கண்ட பெண்களை அழைத்துக்கொண்டு எங்களிடம் வருவார். பிரசவத் துணை என்று ஒரு பெண் உடனிருக்க அரசே வழி செய்தது. எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

வலிப்புக்கும் வழி பிறந்தது. பழைய நாளில் சிறுநீரை டெஸ்ட் ட்யூபில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். கலங்கல் போகாவிட்டால் புரதச் சத்து இறங்குகிறது, ரத்த அழுத்தம் பார் என்று பொருள். கண்டுபிடித்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. இப்போது வலிப்பு வந்த தாய்க்கு இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் மக்னீசியம் சல்பேட் போட்டுவிட்டு, இடது பக்கமாகப் படுக்கவைத்து அனுப்பலாம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. தருமபுரியில் அவசரப் பிரசவ சிகிச்சைக்கான சீமாங் மையம் ராத்திரியிலும் ஆபரேஷன் செய்கிறது. அரூரிலிருந்து தருமபுரி சுமார் 40 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் போட்ட அந்த ஊசிதான் அந்த 40 கிலோமீட்டரைக் கடக்க வைக்கிறது. தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 2018–20 கணக்கில் 54 ஆகக் குறைந்தது என்றால், அதில் இப்படிக் குட்டி நிலையங்களில் தூங்காமல் இருந்த நர்ஸுகளின் பங்கு பெரியது.

இப்போது வேறு கவலை. பிரசவங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. ஏதாவது ஆனால் ஆபரேஷன் அங்கேதானே என்று குடும்பங்கள் முதலிலேயே அங்கே போய்விடுகின்றன. அதில் நியாயமும் உண்டு. பகலில் எங்கள் வாசலில் நிற்பவர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவர்கள். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதும் அந்த மாத்திரையும் வீட்டுக்கே போகிறது. அப்படியானால் ராத்திரிக்கு எதற்கு ஒரு நர்ஸ் என்ற கேள்வி அங்கங்கே எழுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பிரசவப் பதிவேட்டை மட்டும் புரட்டியவர்கள். பக்கத்தில் இருக்கும் ராத்திரிப் புறநோயாளி நோட்டையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

கட்டுவிரியன் கடிப்பது ராத்திரியில், தரையில் தூங்குகிறவர்களை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிவதற்குள் வயிற்று வலி, அப்புறம் இமை தூக்க முடியாது, அப்புறம் மூச்சு. கண்ணாடி விரியன் என்றால் ரத்தம் உறையாது. சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதற்கு மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இருபது நிமிடம் பொறுமையாகக் கடிகாரம் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைக் கொடுப்பது வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு பழங்குடிக் கை எடுத்துத் தந்த விஷத்திலிருந்து செய்த மருந்து, மலையடிவாரத்தில் இன்னொரு பழங்குடிக் குழந்தைக்கு ஏற வேண்டுமென்றால், இடையில் கதவு திறந்திருக்க வேண்டும். பூச்சிமருந்து குடித்தவர்கள், அரளி விதை அரைத்துக் குடித்தவர்கள், காய்ச்சலில் வெட்டி இழுக்கும் குழந்தைகள் எல்லாரும் வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

எங்கள் நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்களில் ஒன்று இப்போது காலி. ஒன்று காலியானால் முதலில் வெட்டுப்படுவது ராத்திரிதான். இருக்கிற இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவார்கள். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் நான் மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போகிறேன். காலியிடத்தை நிரப்பவும், நின்றுபோன பாதிக் காம்பவுண்டு சுவரைக் கட்டி முடிக்கவும், ராத்திரி ஷிப்டுக்குத் துணையாக ஒரு பணியாளரைப் போடவும் கேட்டு ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் பெண்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானத்தை வாசிக்கப் போவது, எங்கள் நிலையத்தில் ராத்திரியில் பிறந்து இப்போது பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா.